எல்லையில் நின்றுவிடும் பெயர்ப் பட்டியல்

நாடாளுமன்றத்தில் நோய்ப் பரவல் பற்றியோ மருத்துவமனை வசதி பற்றியோ உறுப்பினர் எவரேனும் கேள்வி எழுப்பினால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்துடன்தான் தொடங்கும்: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநில அரசுகளின் பொறுப்பு. ஆட்சிகள் மாறியிருக்கின்றன, அமைச்சர்கள் மாறியிருக்கின்றனர், அந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6-வது இனம் அவ்வாறே கூறுவதால் அதில் பிழை காணவும் இயலாது. ஆனால் அதே வாக்கியத்தைப் பாறசாலையில் வைத்துப் படித்தால், "எந்த மாநிலம்?" என்ற கேள்வி உடனே எழும்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தின் தென்கோடியில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளன. பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். கடற்கரையில் பொழியூர் ஒரு மாநிலம், அதை ஒட்டிய நீரோடி இன்னொரு மாநிலம். 1956-ஆம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களைத் திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்த்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த தெற்கெல்லைப் போராட்டத்தில் கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு கிழிக்கப்பட்டதே தவிர, கோட்டின் இருபுறமும் வாழ்வோரின் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. களியக்காவிளையில் வாழ்க்கைப்பட்ட பெண் பேறுகாலத்துக்குப் பாறசாலையில் உள்ள தாய்வீட்டுக்குச் செல்வதும், நெய்யாற்றின்கரை மருமகள் மார்த்தாண்டத்தில் பிள்ளை பெறுவதும் இந்தப் பகுதியில் எவருக்கும் வியப்பளிக்கும் செய்திகள் அல்ல.

வியப்பும் வேதனையும் பிறகுதான் வருகின்றன. குழந்தை பிறப்பது ஒரு மாநிலத்தில், வளர்வது மற்றொரு மாநிலத்தில். நோயுற்றால் பேருந்து எந்தத் திசையில் முதலில் வருகிறதோ அந்தத் திசையில் உள்ள மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறார்கள். வடக்கே பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகள்; அவற்றையும் தாண்டினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்ரீஅவிட்டம் திருநாள் தாய்சேய் மருத்துவமனை. தெற்கே குழித்துறை, தக்கலை. அதற்கப்பால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எல்லையிலிருந்து பார்த்தால் இரு தலைநகரங்களும், அதாவது மாநிலத் தலைநகரும் மாவட்டத் தலைநகரும், ஏறத்தாழ ஒரே தொலைவு.

உடல்நலம் உள்ள குழந்தைக்கு இந்த இரட்டை வாழ்க்கையால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், இரு மாநில மருத்துவமனைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஒரு வசதியே. பிறவியிலேயே இதயத்தில் துளையுடனோ, குறைமாதத்தில் முதிராத நுரையீரலுடனோ, டவுன் நோய்க்குறியுடனோ பிறந்த குழந்தையின் நிலை வேறு. மழைக்காலத்தில் அத்தகைய குழந்தைக்கு வரும் சளி, மற்றக் குழந்தைகளுக்கு வரும் சளி அன்று.

ஆர்.எஸ்.வி. என மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ் 1956-இல் முதலில் சிம்பன்சி குரங்குகளிடமும், அடுத்த ஆண்டு குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் அது ஒருமுறையேனும் தொட்டுவிடும். பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். ஆனால் கைக்குழந்தையின் மூச்சுக்குழல்களின் கடைசிக் கிளைகள் மிகவும் நுண்ணியவை. அவற்றின் உட்சுவர் வீங்கி, சளியும் உதிர்ந்த செல்களும் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போவதும் கடினம், வெளியே வருவதும் கடினம். குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கும், விலா எலும்புகளுக்கிடையே தசை குழிவிழும், பால் குடிக்க முடியாமல் திணறும். இந்த வைரஸை அழிக்கத் தனி மருந்து என்று நடைமுறையில் ஒன்றும் இல்லை. ஆக்சிஜன் கொடுத்து, நீர்ச்சத்து குறையாமல் காத்து, தேவைப்பட்டால் மூச்சுக்கருவியின் துணையுடன் அந்தச் சில நாள்களைக் கடக்க வைப்பதே சிகிச்சை.

இதயத்தில் துளையுள்ள குழந்தையின் நுரையீரலுக்குள் ஏற்கெனவே அளவுக்கு மீறிய ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் இந்த வைரஸும் சேர்ந்தால் தாங்குவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இருப்பதில்லை. 1982-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பிறவி இதயக் குறையுடன் இந்த வைரஸால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 37 சதவீதத்தினர் இறந்ததாகக் கூறியது. அந்தக் குறை இல்லாத குழந்தைகளில் அது 1.5 சதவீதம் மட்டுமே. தீவிர சிகிச்சையும் இதய அறுவை சிகிச்சையும் முன்னேறியதால் பின்னாளில் அந்த நாடுகளில் இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது உண்மை. இவ்விரு முன்னேற்றங்களும் எட்டிய இடங்களில்தான் குறைந்தது என்பதும் உண்மை. 2019-இல் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1 லட்சம் குழந்தைகள் ஆர்.எஸ்.வி. காரணமாக இறந்ததாக 'லான்செட்' மருத்துவ இதழில் 2022-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் நிகழ்ந்தவை.

இந்தியாவில் இத்தகைய மரணங்கள் நிகழும்போது அதிகாரபூர்வ அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் சொல் ஒன்று உண்டு. அது "இணை நோய்". 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா மருத்துவமனைகள், குறிப்பாக பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனை, அடினோ வைரஸ் தாக்கிய குழந்தைகளால் நிரம்பி வழிந்தன. மார்ச் மாதத்தில் மேற்கு வங்க அரசு, சுவாசத் தொற்றால் 19 குழந்தைகள் இறந்ததாகவும், அவர்களில் 13 பேருக்கு இணை நோய்கள் இருந்ததாகவும் தெரிவித்தது. எதிர்க்கட்சிகள் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டையிட்டன. எண்ணிக்கையைவிட அந்த இரண்டாவது எண்தான் கேள்விக்குரியது என்பதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 13 பேருக்கு இணை நோய் இருந்தது என்பது சமாதானமா, குற்ற ஒப்புதலா? அந்தக் குழந்தைகள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது மருத்துவத்துறைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்றுதானே அதற்குப் பொருள்?

மேற்கு வங்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கரோனா காலத்தில் எல்லா மாநிலங்களின் அன்றாட அறிக்கைகளிலும் இச்சொல் புழங்கியது. மரணத்தின் கணக்கை முடித்து வைக்கும் சொல்லாக அது பழகிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்லிவிடுவது முறை. ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறு குறை எதுவும் இல்லாதவர்களே. பல நாடுகளில் இறந்த 358 குழந்தைகளைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பணக்கார நாடுகளில் இறந்தோரில் 70 சதவீதத்தினருக்கு இணை நோய் இருந்தது. ஏழை, கீழ்நடுத்தர வருவாய் நாடுகளில் அது 28 சதவீதம்தான். நோயில்லாத குழந்தைகூட ஆக்சிஜன் கிடைக்காமல் இறக்கும் இடத்தில் இணை நோய் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று வாதிடலாம். பிகாருக்கோ உத்தரப் பிரதேசத்துக்கோ அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் 2020-ஆம் ஆண்டு கணக்கின்படி, பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்போர் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, நாடு முழுவதற்கும் 28. தடுக்க எளிதான மரணங்களைப் பெரும்பாலும் தடுத்துவிட்ட மாநிலங்கள் இவை. எஞ்சியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், குறைமாதக் குழந்தைகளும் பிறவிக் குறையுள்ள குழந்தைகளுமே முன்னே நிற்கின்றனர். இந்த இரு மாநிலங்களைப் பொறுத்தவரை இணை நோயுள்ள குழந்தைதான் இனி எடுத்துக்கொள்ள வேண்டிய முதற்கணக்கு.

அந்தக் குழந்தைகள் யாரென்று தெரியாமலும் இல்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளைக் கண்டறியும் பரிசோதனைகள் நடைபெறுகின்றன. பிறவி இதயநோய் அந்தப் பட்டியலில் உள்ளது. கேரள அரசு 2017-இல் தொடங்கிய 'ஹிருதயம்' திட்டம், இதயக் குறையுடன் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, வரிசைப்படுத்தி, அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கின்றனர். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவரும் 'பிக்மி' எண்ணுடன் பதிவு செய்யப்படுகின்றனர். கிராம சுகாதாரச் செவிலியர் அந்த எண்ணைக்கொண்டு தாயையும் சேயையும் தொடர்கிறார். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் எடைகுறைந்த குழந்தையை வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்பது தேசியச் சுகாதார இயக்கத்தின் விதி. பெயர்கள் இருக்கின்றன, பதிவேடுகளும் கணினிகளும்கூட இருக்கின்றன.

பதிவேட்டுக்குக் கால்கள் இல்லை என்பதுதான் குறை. குழித்துறையில் கருவுற்றதைப் பதிவு செய்த ஒரு பெண், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பாறசாலைத் தாய்வீட்டுக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் மாதமே வலி கண்டு திருவனந்தபுரத்தில் குழந்தை பிறக்கிறது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள். இதயத்தில் துளை இருப்பதும் அங்கேதான் தெரியவருகிறது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் கணவன் வீடு அழைத்துச் செல்கிறது. பாறசாலையின் ஆஷா பணியாளர் வந்து பார்க்கும்போது வீட்டில் குழந்தை இல்லை. களியக்காவிளைச் செவிலியரின் பதிவேட்டில் அந்தத் தாய் "வெளியூர் சென்றார்" என்ற அளவில் நிற்கிறாள். குழந்தையின் இதயத்தைப் பற்றிய ஒரு வரிகூட அங்கே இல்லை. ஜூன் மாதத்து மழையில் குழந்தைக்கு இளைப்பு வருகிறது. அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் அதைச் சாதாரணச் சளியாகக் கருதி மருந்து கொடுத்து அனுப்பினால், அந்த மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே செய்தி முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு மாநிலத்தின் கணினியில் இருக்கிறது.

இதயக் குறை, குறைமாதம், எடை, எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என ஐந்தாறு விவரங்கள் அடங்கிய ஒரு சீட்டு தாயின் கையில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பார்கள். சரிதான். அந்தச் சீட்டு ஒருபுறம் மலையாளத்திலும் மறுபுறம் தமிழிலும் அச்சாக வேண்டும் என்று இதுவரை எந்த அரசு அலுவலகத்துக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கிராமங்களில் பேசுபவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எழுதுபவர்களுக்குத்தான் இருக்கிறது.

நோய் என்றவுடன் இரு மாநிலங்களுக்கும் எல்லை நினைவுக்கு வராமல் இல்லை; வருகிற விதம்தான் வேறு. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா வைரஸ் தொற்று பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியிடம் கண்டறியப்பட்டது. கொசுவால் பரவி, கருவிலுள்ள சிசுவையே பாதிக்கக்கூடிய வைரஸ் அது. அவருடைய வீடு தமிழ்நாட்டு எல்லையில் இருப்பதைக் கேரளத் தரப்பு குறிப்பிட்டது. தமிழ்நாட்டுத் தரப்பு எல்லைச் சோதனையைத் தீவிரப்படுத்தியது. நோய் அடுத்த வீட்டிலிருந்து வருகிறது என்பதில் இரு அரசுகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை, அடுத்த வீடு எது என்பதில் மட்டுமே வேற்றுமை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நின்றுபோய், 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்ற கதையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆற்றுநீரை அணை கட்டித் தடுக்கலாம். இருமலைத் தடுக்கும் சோதனைச்சாவடி இதுவரை கட்டப்படவில்லை.

மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கும் கேரளமே சான்று. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது கர்நாடக அரசு தலப்பாடி எல்லையை அடைத்தது. மங்களூர் மருத்துவமனைகளையே நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகள் தவித்தனர். வழக்கு கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மத்திய அரசு இரு மாநில அதிகாரிகளையும் அமர வைத்துப் பேசியதில், நோயாளிகள் எல்லை கடப்பதற்கான நெறிமுறை ஒரு வாரத்துக்குள் உருவானது. ஏப்ரல் 7-ஆம் தேதி வழக்கும் முடிந்தது. ஒரு வாரத்தில் இயன்றது அது. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் இயன்றது என்பது வேறு விஷயம்.

பெயர்ப் பட்டியல் எதற்கு என்ற கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை "கண்காணிக்க" என்பதற்கு மேல் பதில் இருக்கவில்லை. இப்போது பதில் மாறியிருக்கிறது. ஆர்.எஸ்.வி.க்கு எதிராக 1960-களில் முயன்ற முதல் தடுப்பூசி நோயைத் தடுப்பதற்குப் பதில் தீவிரமாக்கி, இரண்டு குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அந்த அச்சத்தில் ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் தயங்கி நின்றது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலிவிசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி, ஆபத்தான நிலையில் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் மாதந்தோறும் போடப்பட்டது. அதன் விலை ஏழை நாடுகளை எட்டவே இல்லை. 2022-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்ட நிர்செவிமாப், நோய்க்காலம் முழுவதற்கும் ஒரே ஊசியில் பாதுகாப்பு அளிக்கிறது. ஐரோப்பாவில் மூன்று நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையில் மருத்துவமனையில் சேரும் நிலை 83 சதவீதம் குறைந்தது. கர்ப்பிணிக்குப் போட்டுச் சிசுவைக் காக்கும் தடுப்பூசி ஒன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் 2025 மார்ச்சில் முன்தகுதி வழங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில், தாய்க்குத் தடுப்பூசி அல்லது சேய்க்கு எதிர்ப்புரத ஊசி, இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் மேற்கொள்ள வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இவற்றில் எதுவும் இடம்பெறவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே போடு என்று கேட்பது எளிது. நிதியமைச்சகத்தின் பதிலை ஊகிப்பதும் எளிது. ஆனால் தாய்க்குப் போடும் ஊசி, மிகவும் முன்னதாகப் பிறந்துவிடும் குழந்தைக்குப் பயன்படாது. தாயின் உடலில் எதிர்ப்புரதம் உருவாகிச் சிசுவைச் சென்றடையும் முன்பே பிரசவம் நிகழ்ந்துவிடும். இதயக் குறையும் நுரையீரல் நலிவும் உள்ள குழந்தைக்கு நேரடியாகப் போடும் ஊசிதான் வேண்டும். ஒரு மாவட்டத்தில் அத்தகைய குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? பதிவேடுகளை ஒன்றுசேர்த்தால் விரல்விட்டு எண்ண முடியாவிட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். முதலில் அவர்களுக்கு என்று அரசு முடிவு செய்தால் செலவு கைக்குள் அடங்கும். வெறிநாய்க்கடிக்கான எதிர்ப்புரத ஊசியை உள்நாட்டிலேயே தயாரிக்கும் நாட்டுக்கு, விலையைக் குறைக்கும் தொழில்நுட்பமும் எட்டாத ஒன்றல்ல.

இரு மாநிலங்களும் சேர்ந்து தொடங்கிய முன்னுதாரணம் வேண்டுமா? ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி இந்தியாவின் தேசியத் திட்டத்தில் நுழைந்தது 2011 டிசம்பரில். அன்று முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்கள் இரண்டே இரண்டு: தமிழ்நாடும் கேரளமும். அந்தத் தடுப்பூசிக்கு எதிராகக் குரல் எழாமல் இல்லை, வழக்குகளும் நடந்தன. எனினும் தடுப்பூசிப் பணியில் நல்ல பெயர் பெற்ற இரு மாநிலங்களில் தொடங்கியதால்தான் அது பின்னர் நாடு முழுவதும் பரவ முடிந்தது. அன்று களியக்காவிளையிலும் பாறசாலையிலும் ஒரே பருவத்தில் ஒரே மருந்து போடப்பட்டது. இன்று முடியாது என்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

ஊசி வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. விரல் நுனியில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவி ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் இருக்க வேண்டும், அதில் குழந்தையின் விரலுக்கேற்ற கவ்வியும் இருக்க வேண்டும். நிமோனியா மரணங்களைக் குறைக்க 2019-இல் மத்திய அரசு அறிவித்த 'சான்ஸ்' இயக்கம் இதைத்தான் சொல்கிறது. இதய அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு மழைக்காலத்தைத் தாண்டி நீளாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு தடுப்பு முறையே. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இதில் பெரும் பங்காற்ற இயலும். அது கேரள அரசின் நிறுவனம் அல்ல. 1980-இல் நாடாளுமன்றமே சட்டமியற்றித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்த, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் உள்ள நிறுவனம். குமரி மாவட்டத்துக் குழந்தைகளும் கேரளக் குழந்தைகளும் அதன் வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். இரு மாநிலங்களுக்கும் பொதுவான பதிவேடு ஒன்றைப் பராமரிக்க அதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பகுதியில் இல்லை.

அப்படியானால் தில்லியின் பங்கு என்ன? மாநிலப் பட்டியலின் 6-வது இனத்தைக் காட்டும் அமைச்சகம், பொதுப்பட்டியலின் 29-வது இனத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய்கள் பரவுவதைத் தடுப்பது என்பதே அந்த இனம். அதில் சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் உண்டு. புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவே கோடு கிழித்த அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மண்டல கவுன்சில்களையும் உருவாக்கியது. கோடு கிழிப்பவர்களுக்கு, கோட்டின் இருபுறமும் இருப்பவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது அன்று தோன்றியிருக்கிறது. தென்மண்டல கவுன்சிலின் 30-வது கூட்டம் 2022 செப்டம்பர் 3-இல் நடைபெற்றது திருவனந்தபுரத்தில்தான். மத்திய உள்துறை அமைச்சர் தலைமை வகிக்க, இரு முதல்வர்களும் கலந்துகொண்டனர். பாறசாலை அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

கவுன்சில் கூடுவதற்கு முன் மாநிலத் தலைமைச் செயலாளர்களைக் கொண்ட நிலைக்குழு கூடி, பேச வேண்டிய பொருள்களை முடிவு செய்வது வழக்கம். எந்த உறுப்பு மாநிலமும் ஒரு பொருளை முன்வைக்கலாம். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இருவரும் தத்தம் முதல்வருக்கு ஒரே வாசகத்தில் ஒரு கடிதம் எழுதினால், இரு மாவட்டச் சுகாதார அதிகாரிகளும் தங்கள் பதிவேடுகளுடன் முதன்முறையாக ஒரே மேசையில் அமர வேண்டி வரும். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் இந்தக் கிராமங்களை எட்டும். அதற்கு முன் அந்தக் கூட்டம் நடந்தாக வேண்டும்.